ரெங்கம்மாளின் மூன்று நாள்

என் ஓரகத்தி ரெங்கம்மாளுக்கு மாதத்தில் மூன்று நாள் விடுமுறை இருந்தது. அதை ஒழித்தவர் அவள் புருஷன். ஒழித்ததற்காக மன்னார்குடியில் மேடையில் வைத்து அவருக்கு மாலை போட்டார்கள். அந்த மாலையை வீட்டுக்குக் கொண்டுவந்து, வாடாமல் தண்ணீர் தெளித்து வை என்று அவளிடமே கொடுத்தார். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

முதலில் வீட்டைச் சொல்லிவிடுகிறேன். மன்னார்குடியிலிருந்து ஐந்து மைலில், பாமணி ஆற்றிலிருந்து பிரிந்து வரும் வாய்க்காலின் கரையில் எங்கள் வீடு. அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே உலை. மூத்தவர் அரசப்பன். அவர் மனைவிதான் ரெங்கம்மாள், நான் அக்கா என்று கூப்பிட்டவள். இளையவர் வீரையன், என் வீட்டுக்காரர். வயலைத் தவிர அவருக்குப் பேச்சில்லை, வயலைப் பற்றியும் அதிகம் பேச மாட்டார். இரண்டு பேருக்கும் மூத்தவர் பொன்னுத்தாய், எங்கள் நாத்தனார். புருஷன் இறந்த பிறகு தம்பிகளோடு வந்து இருந்தார். மடி, தீட்டு, நாள், நட்சத்திரம் எல்லாம் அவர் இலாகா.

நிலம் எங்களுடையது இல்லை. மன்னார்குடி மிராசுதார் ஒருவருடைய ஒரு வேலி நிலத்தை எங்கள் மாமனார் காலத்திலிருந்து குத்தகைக்குச் செய்துகொண்டிருந்தோம். குத்தகைக்காரன் பெயரைத் தாலுகா ஆபீசில் பதிய வேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. நான் சொல்வது எழுபத்திரண்டாம் வருஷம். பதிந்துவிடுவார்களோ என்று மிராசுதாருக்குப் பயம், பதியாமல் விட்டுவிடுவார்களோ என்று எங்களுக்குப் பயம். அக்காவுக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது.

பெரியவர், அதாவது அக்காவின் புருஷன், கட்சிக்காரர். ஆட்சி எங்கள் கட்சியுடையது, ஆகவே ஊரில் எது நடந்தாலும் நடக்காவிட்டாலும் அவரைத்தான் கேட்பார்கள். கிளைச் செயலாளர் அவர், உழவர் மன்றத் தலைவர் அவர், படிப்பகத்தின் சாவியும் அவர் இடுப்பில். கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் திட்டித் தீர்த்திருக்கலாம். குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், மனைவியைப் பெயர் சொல்லி அன்பாகத்தான் கூப்பிடுவார். காலையில் ஒரு டம்ளர் காப்பியைக் குடித்துவிட்டு ஊருக்கு நல்லது செய்யச் சைக்கிளில் கிளம்பிவிடுவார். அவர் செய்கிற நல்லதுக்கெல்லாம் வீட்டில் இருந்து பதில் சொல்வது அக்கா.

பதில் சொல்வதைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். விடிந்ததும் வாசலில் சைக்கிள் மணி அடிக்கும். அண்ணன் இருக்காரா, எப்போ வருவாரு, மனு எழுதித் தரேன்னாரே எழுதிட்டாரா, தாசில்தாரைப் பார்த்தாரா, பம்புசெட்டுக்குக் கரண்ட் எப்போ வரும். மின்சாரம் எப்போது வரும் என்று அக்காவுக்கு எப்படித் தெரியும்? ஆனால் தெரியாது என்று சொன்னால், செயலாளர் சம்சாரத்துக்கு மண்டைக்கனம் என்பார்கள். ஒவ்வொருவருக்கும் ஏதாவது ஒன்று சொல்லி அனுப்புவாள். அதில் ஒரு வார்த்தை பிசகினாலும் மாலையில் பெரியவர் வந்து, ஏன் அப்படிச் சொன்னே என்று கேட்பார். அதற்கும் பதில் சொல்ல வேண்டும்.

பத்து மணி வாக்கில் மிராசுதாரின் காரியஸ்தர் ஐயாவு குடையை ஊன்றிக்கொண்டு வந்து நிற்பார். நிலத்தை உங்க பேர்ல பதியப் போறீங்களாமே என்று சிரித்துக்கொண்டே கேட்பார். ஆமாம் என்றால் நாளைக்கு வயலில் ஆள் இறங்கும், இல்லை என்றால் அதையே தாலுகா ஆபீசில் போய்ச் சொல்லுவார். இரண்டும் இல்லாமல் ஒரு பதில் வேண்டும். அவர் தலை மறைந்ததும் தெற்குத் தெருவிலிருந்து மருதையன் வருவார். எங்கள் வயலில் அறுவடைக்கு வருகிற ஆட்களுக்கெல்லாம் அவர்தான் முன்னால் நிற்பவர். மேடையில அண்ணன் ஒரு கூலி சொல்றாரு, உங்க களத்துல வேற கூலி அளக்குறீங்களே, இது என்ன நியாயம் என்று கேட்பார். அவர் கேட்டது நூற்றுக்கு நூறு நியாயம். ஆனால் அதை மேடையில் சொன்னவரிடம் போய்க் கேட்க வேண்டியதுதானே. அவர் ஆள் அகப்பட்டால் அல்லவா கேட்பது?

இதற்கு நடுவில் அடுப்பு, மாடு, ஐந்து பிள்ளைகள், நாத்தனாரின் விரதம். எனக்கும் வேலை இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் என்னிடம் வேலைதான் சொல்லுவார்கள், கேள்வி கேட்க மாட்டார்கள். வேலை செய்தால் உடம்பு வலிக்கும், படுத்தால் போய்விடும். நாள் முழுவதும் ஊருக்குப் பதில் சொல்கிறவளுக்கு என்ன வலிக்கும் என்று நான் அக்காவைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். காரணம் இல்லாமல் நெஞ்சு படபடக்கும். உட்கார்ந்த இடத்தில் கை நடுங்கும். நெல் எடுக்கக் குதிரடிக்குப் போவாள், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் அங்கேயே நிற்பாள். மன்னார்குடியில் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் ஒரு டானிக்கும் சிவப்பு மாத்திரையும் எழுதிவிட்டு, மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளாமல் நிம்மதியாக இருக்கச் சொன்னார். டானிக் கடைத்தெருவில் கிடைத்தது. நிம்மதி எந்தக் கடையில் கிடைக்கும் என்று அவர் சீட்டில் எழுதவில்லை.

அவள் அதுவரை பைத்தியம் பிடிக்காமல் தப்பித்தது அந்த மூன்று நாளால்தான்.

வீட்டுக்கு விலக்கு என்றால் எங்கள் வீட்டில் கொல்லைப்பக்கம் மாட்டுக்கொட்டகையை ஒட்டி இருந்த சாய்ப்பில் உட்கார வேண்டும். ஒரு கோரைப்பாய், ஒரு தகரத் தட்டு, ஒரு சொம்பு. நாத்தனார் சட்டம் அது. அந்த வழக்கம் நல்லது என்று நான் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கல்யாணமாகி வந்த புதிதில் நாத்தனார் என் தட்டில் உயரத்திலிருந்து சோற்றைப் போட்டபோது, அது தரையில் சிதறி, நான் அழுதிருக்கிறேன். மார்கழியில் குளிர் எலும்பைத் தொடும். கொசு வேறு. தலையணை கேட்டதற்கு நாத்தனார் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

ஆனால் அக்கா அந்தச் சாய்ப்புக்குள் போனால் ஆளே வேறு. முதல் நாள் முழுக்கத் தூங்குவாள். இரண்டாம் நாள் சுவரில் சாய்ந்து வாய்க்காலில் தண்ணீர் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். மூன்றாம் நாள் மெதுவாகப் பாட்டு முணுமுணுப்பாள், நன்றாக இருக்காது, ஆனால் பாடுவாள். வாசலில் மணி அடித்தால் நாத்தனார் உள்ளேயிருந்தே சத்தம் கொடுப்பார்: “அவ விலக்கு.” அவ்வளவுதான். கேட்க வந்தவன் கேள்வியைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிடுவான். தாசில்தாரே வந்தாலும் அதற்கு மேல் பேச முடியாது. நான்காம் நாள் காலையில் ஆற்றில் தலை முழுகிவிட்டு, ஈரக் கூந்தலை முடிந்துகொண்டு அவள் வரும்போது முகம் கழுவி வைத்த குத்துவிளக்கு மாதிரி இருக்கும். அடுத்த இருபத்தைந்து நாளைக்கு அது போதும். அவள் உட்கார்ந்தால் நான் அடுப்பு, நான் உட்கார்ந்தால் அவள் அடுப்பு. எங்களுக்குள் அது ஒரு ஒப்பந்தம்.

அந்த வருஷம் சித்திரையில் மன்னார்குடியில் மகளிர் மாநாடு. மாநாடு மகளிருக்கு, பேசியது முழுக்க ஆண்கள். பெரியவர் பேசும்போது, பெண்ணைத் தீட்டு என்று கொட்டகையில் ஒதுக்கி வைக்கிற காட்டுமிராண்டித்தனத்தை இன்றோடு என் வீட்டிலிருந்து துடைத்தெறிகிறேன், யார் யார் துடைத்தெறியத் தயார் என்று கேட்டிருக்கிறார். கைதட்டல் அடங்க நேரமாயிற்றாம். அப்போதுதான் அந்த மாலை.

மறுநாளே சாய்ப்பைக் காலி செய்தார். கோரைப்பாயையும் தகரத் தட்டையும் தூக்கிக் குப்பைமேட்டில் எறிந்தார். கொடிக்கம்புகள், மடக்கு நாற்காலிகள், தட்டிகள், சுவரொட்டி ஒட்டுகிற பசை வாளி எல்லாம் உள்ளே வந்தன. நாத்தனார் குதித்தார். குலதெய்வம் கோபித்துக்கொள்ளும், மாடு கறக்காது, பயிர் கருகும் என்றார். பெரியவருக்கு அப்படிப்பட்ட சண்டை அல்வா சாப்பிடுகிற மாதிரி. ஒவ்வொன்றுக்கும் புத்தகத்திலிருந்து பதில் வைத்திருந்தார்.

அவர் சொன்னதில் ஒரு சொல் தப்பில்லை. அதுதான் என் எரிச்சலே. தீட்டு ஒழிய வேண்டியதுதான், தகரத் தட்டு குப்பைக்குப் போக வேண்டியதுதான். ஆனால் உட்காருகிறவளிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? ஊர் முழுக்கப் பெண்ணுரிமை பேசுகிற மனுஷனுக்கு, அடுப்படியில் நிற்கிற பெண்ணிடம் உனக்கு இதில் என்னம்மா அபிப்பிராயம் என்று கேட்கத் தோன்றவில்லை. அவரே முடிவு செய்து, அவரே விடுதலை கொடுத்து, அவரே மாலையும் வாங்கிக்கொண்டார்.

அக்கா ஒரே ஒரு தடவை கேட்டாள். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், நான் மோர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

“தீட்டெல்லாம் வேணாங்க. அந்த மூணு நாளு மட்டும் எனக்கு இருக்கட்டுமே.”

அவர் கோபப்படவில்லை. பரிதாபமாகச் சிரித்தார். “ரெங்கம், கூண்டைத் தொறந்து விட்டாலும் உள்ளேயே உக்காந்திருக்கேங்குற. இந்த அடிமை புத்தி போறதுக்கு நாளாகும். போகட்டும், நான் ஒண்ணும் சொல்லல” என்றார். பிறகு கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்று கை கழுவிக்கொண்டு கிளம்பினார்.

அதற்குப் பிறகு மாதம் முப்பது நாளும் பதில். விலக்கான நாளிலும் வயிற்று வலியோடு வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்தாள். அடுத்த ஐந்து மாதத்தில் அவள் கரைந்ததை நான் பார்த்தேன். குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டாள், மறுநாள் போடவே இல்லை. பசுவை ஒரு நாள் விறகுக் கட்டையால் அடித்துவிட்டு, அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். சைக்கிள் மணிச் சத்தம் கேட்டால் அவள் தோள் தூக்கிப் போடும். ஐஸ்காரன் மணி அடித்தாலும் தூக்கிப் போடும். சாப்பாடு இறங்கவில்லை. ரவிக்கை தொளதொளத்தது.

நான்தான் பிடிவாதம் பிடித்து, நாலு நாள் இருந்துவிட்டு வாருங்கள் என்று பேராவூரணிப் பக்கம் அவள் பிறந்த வீட்டுக்கு பஸ் ஏற்றினேன். தென்னந்தோப்பு வீடு, காற்று, இளநீர், கேட்பார் இல்லை என்று நினைத்தேன். மறுநாள் மத்தியான பஸ்ஸிலேயே திரும்பி வந்து நின்றாள். என்ன ஆயிற்று என்றால், இறங்கியதும் அவள் அண்ணன், பையனுக்கு ஒரு கவர்ன்மெண்ட் வேலைக்கு மாப்பிள்ளை சிபாரிசு பண்ணுவாரா என்று கேட்டானாம். சாயங்காலத்துக்குள் தெருவில் நாலு வீட்டுக்காரர்கள் மனுவோடு வந்துவிட்டார்களாம். எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. அவளுக்கு இரண்டும் வரவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனாள்.

புரட்டாசியில் குறுவை அறுவடை நெருங்கியபோது தாலுகா ஆபீசிலிருந்து விசாரணைக்கு நாள் குறித்தார்கள். ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வயலுக்கே வந்து, நிலத்தை யார் உழுகிறார்கள் என்று விசாரித்து எழுதிக்கொண்டு போவார். அன்றைக்கு வீட்டில் இருக்க வேண்டிய பெரியவர் திருவாரூரில் ஏதோ அவசரக் கூட்டம் என்று விடியற்காலையிலேயே போய்விட்டார், பத்து மணிக்குள் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டு. என் வீட்டுக்காரர் இன்ஸ்பெக்டரைக் கூட்டிக்கொண்டு வர ரோட்டுக்குப் போயிருந்தார்.

பத்தேகாலுக்கு இன்ஸ்பெக்டர் என் வீட்டுக்காரரோடு வந்தார். கூடவே குடையோடு ஐயாவு. அதே நேரம் பார்த்து மருதையன் பத்துப் பன்னிரண்டு ஆட்களோடு வந்து நின்றார். இன்றைக்குக் கூலியை முடிவு செய்யாமல் நாளை வயலில் அரிவாள் இறங்காது என்றார். எல்லோரும் வாசலில். எல்லோர் முகமும் அக்காவைப் பார்த்து. அவள் கையில் தட்டு, தட்டில் ஏழு டம்ளர் காப்பி.

இன்ஸ்பெக்டர், குத்தகைச் சீட்டு எங்கே என்றார். ஐயாவு, சீட்டே கிடையாது, இவங்க வெறும் கூலி ஆளுதான், கேட்டுப் பாருங்க சார் என்றார். மருதையன், அண்ணன் சொன்ன கூலியைத் தருவீங்களா மாட்டீங்களா, ரெண்டுல ஒண்ணு சொல்லிடுங்கம்மா என்றார். உள்ளேயிருந்து நாத்தனார், தெற்குத் தெரு ஆளுங்களுக்கும் அதே டம்ளர்லதான் காப்பி கொடுக்கப் போறியா என்று குரல் கொடுத்தார். பொங்கி வழிந்த பாலைப் பற்றிப் பிள்ளை ஒன்று கத்தியது. இத்தனையும் ஒரே மூச்சில்.

டம்ளர்கள் தட்டில் கடகடவென்று அடித்துக்கொள்ள ஆரம்பித்தன. அக்கா தன் கையையே வேடிக்கை பார்த்தாள். பிறகு தட்டைப் பத்திரமாகத் தரையில் வைத்தாள், ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல். வீட்டுக்குள் நுழைந்து, கூடத்தைக் கடந்து, கொல்லையைக் கடந்து, நேராக வாய்க்காலில் இறங்கி, புடவையோடு உட்கார்ந்துவிட்டாள். புரட்டாசித் தண்ணீர், நெஞ்சுவரை ஓடியது. முகத்தை வயல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

கூப்பிட்டோம். திரும்பவில்லை. என் வீட்டுக்காரர் கரையிலிருந்து அண்ணி, அண்ணி என்றார், அவருக்கு அதற்கு மேல் பேச வராது. வாசல் கூட்டம் அப்படியே கொல்லைக்கு வந்துவிட்டது. நாத்தனார் மார்பில் அடித்துக்கொண்டார். நான் சொன்னேனே, தீட்டைக் கலந்தா காளியம்மா சும்மா விடுவாளா, பேய் அடிச்சிருச்சு, பூசாரியைக் கூட்டியாங்கடா என்றார். அந்த நேரம் பார்த்துத்தான் பெரியவர் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.

மனைவி தண்ணீரில் உட்கார்ந்திருக்கிறாள். அவர் என்ன செய்திருக்க வேண்டும்? பேய் என்ற சொல் காதில் விழுந்ததும் அவர் அக்காவை விட்டுவிட்டார். பேயாவது பிசாசாவது, பூசாரி இந்தக் கொல்லையில் கால் வைக்கக் கூடாது என்றார். இது மனசு சம்பந்தப்பட்ட வியாதி, இதற்கு விஞ்ஞானம் இருக்கிறது என்றார். நாத்தனார், உன் விஞ்ஞானந்தான் அவளை வாய்க்கால்ல உக்கார வச்சிருக்கு என்றார். கரையில் நின்றுகொண்டு நாத்தனாரும் பெரியவரும் பேய் உண்டா இல்லையா என்று பொரிந்து தள்ளினார்கள். இன்ஸ்பெக்டர்கூட, எங்கள் ஊரிலும் ஒரு பெண்ணுக்கு இப்படி என்று ஆரம்பித்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் எல்லோரையும் பிடித்துத் தண்ணீரில் தள்ளிவிடலாம் போல் இருந்தது.

நான் இறங்கினேன். அவள் பக்கத்தில் போய், “அக்கா, என்னக்கா வேணும்?” என்றேன்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். “நீயும் கேக்காத, அமிர்தம்.”

சுருக்கென்றது. நானும் வாயை மூடிக்கொண்டு அவள் பக்கத்தில் தண்ணீரில் உட்கார்ந்தேன். ஒரு ஆகாயத்தாமரைக் கொத்து மிதந்து வந்து எங்கள் மீது மோதி, விலகிப் போயிற்று. அவள் மூச்சு மெதுவாக அடங்குவது எனக்குக் கேட்டது. கரையில் பெரியவர் இறங்கித் தூக்கிவிடலாம் என்று வேட்டியை மடித்துக் கட்டுவது ஓரக்கண்ணில் தெரிந்தது. அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவள் எழுந்தாள். கரையைப் பார்த்துத் திரும்பினாள்.

“நான் வீட்டுக்கு விலக்கு,” என்றாள். குரல் உயரவில்லை. “யாரும் கிட்ட வராதீங்க.”

நான் சத்தியமாகச் சொல்கிறேன், அத்தனை ஆம்பிளைகளும் ஒரு அடி பின்னால் போனார்கள். இன்ஸ்பெக்டர் போனார். காரியஸ்தர் ஐயாவும் மருதையனும் ஒரே வரிசையில் போய் நின்றார்கள். அவர்கள் இரண்டு பேரும் ஒன்றாக நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன். வேட்டியை மடித்துக் கட்டி, ஒரு காலைத் தண்ணீரில் வைத்துவிட்ட பெரியவரும் அந்தக் காலை எடுத்துப் பின்னால் வைத்தார். எடுத்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது. குனிந்து தன் காலைப் பார்த்தார். அக்காவும் அந்தக் காலைத்தான் பார்த்தாள்.

அவள் புடவையைப் பிழிந்துகொண்டு ஏறி, நேராகச் சாய்ப்புக்குப் போனாள். கொடிக்கம்புகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தாள். மடக்கு நாற்காலிகளை வைத்தாள். பசை வாளியை வைத்தாள். எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். காலியான தரையில் ஈரத்தோடு சுருண்டு படுத்தவள் சற்றைக்கெல்லாம் தூங்கிவிட்டாள்.

அவள் ஆற்றில் தலை முழுகி அப்போது ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. எனக்குத் தெரியும். எங்கள் இரண்டு பேர் நாளையும் விரல் நுனியில் வைத்திருந்த நாத்தனாருக்கும் தெரியும். நான் நாத்தனார் முகத்தைப் பார்த்தேன். அவர் உள்ளே போய்த் தன் சொந்தப் பாயையும் தலையணையையும் எடுத்து வந்து, சத்தம் போடாமல் அவள் தலைமாட்டில் வைத்தார். தலையணையைக் கையாலேயே வைத்தார், உயரத்திலிருந்து போடவில்லை.

வாசலில் கேள்விகள் அப்படியே இருந்தன. பதில் சொல்ல ஆள் இல்லை. வேறு வழியில்லாமல் பெரியவர் சொன்னார். கூலி விஷயத்தில் மருதையனிடம் அரை மணி நேரம் திக்கித் திணறிவிட்டு, மேடையில் சொன்னதையே களத்திலும் கொடுப்பதாக ஒப்புக்கொண்டார். அதற்குப் பிறகு இன்ஸ்பெக்டரிடம் மருதையனே முன்னால் வந்து, ரெண்டு தலைமுறையா இந்த வயலை இவங்கதான் உழுறாங்க, நாங்கதான் அறுக்குறோம், எங்க வேணா கையெழுத்துப் போடுறேன் என்றார். ஐயாவு குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். தை மாதத்தில் பெயர் பதிவாகி வந்தது. அக்கா பதில் சொல்லாவிட்டால் வீடு இடிந்து விழுந்துவிடும் என்று நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். விழவில்லை. கேட்க வேண்டியவர்கள் கேட்க வேண்டியவரைக் கேட்டார்கள், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு மாதாமாதம் மூன்று நாள் அக்கா சாய்ப்புக்குப் போனாள். தகரத் தட்டு கிடையாது, பித்தளைத் தட்டில் சுடுசோறு. தலையணை உண்டு, கொசுவலை உண்டு. தீட்டைத் தூக்கி எறிந்துவிட்டு நாளை மட்டும் வைத்துக்கொண்டாள். நானும் போனேன். பெரியவர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. விலக்கு பற்றி மேடையில் பேசுவதையும் விட்டுவிட்டார். அந்தப் படபடப்பு அவளுக்கு அடியோடு போனது என்று சொல்ல மாட்டேன். தேர்தல் வந்தால் கை நடுங்கும். பெண்ணுக்குக் கல்யாணம் பேசியபோது ஒரு வாரம் தூங்கவில்லை. ஆனால் எத்தனை நாளில் சாய்ப்பு வரும் என்று அவளுக்குத் தெரியும். அதைப் பிடித்துக்கொண்டு நடந்துவிடுவாள்.

வருஷங்கள் போயின. நாத்தனார் போய்ச் சேர்ந்தார். கட்சி ஆட்சியை இழந்து வெகு நாளாயிற்று. பெரியவருக்கு முட்டி வலி, சைக்கிள் கிடையாது, வாசலில் கூட்டமும் குறைந்துவிட்டது. யாரும் கேள்வி கேட்காதது அவருக்கு ஒரு வியாதியாக இருந்தது. செய்தித்தாளை நாலு தடவை மடித்துப் பிரிப்பார். தூக்கம் வரவில்லை என்பார். அவரைப் பார்த்தால் எனக்கே பாவமாக இருக்கும், பழைய எரிச்சலை மறந்துவிட்டால்.

ஒரு நாள் முற்பகல் அக்கா சாய்ப்பில் இருந்தாள். பெரியவர் கம்பை ஊன்றிக்கொண்டு கொல்லைக்கு வந்து, சாய்ப்புக்கு வெளியே நின்றார். நான் கிணற்றடியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன்.

“ரெங்கம், நானும் கொஞ்சம் உக்காரட்டுமா?”

கேட்டார். எத்தனையோ வருஷத்தில் அவர் அவளிடம் அனுமதி கேட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அக்கா பாயில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். “உக்காருங்க. ஆனா எதுவும் கேக்கக் கூடாது.”

உட்கார்ந்தார். ஒரு தடவை வாயைத் திறந்தார், அவள் திரும்பிப் பார்த்ததும் மூடிக்கொண்டார். பிறகு இரண்டு பேரும் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். எனக்குப் பாத்திரம் துலக்குகிற சத்தமே அதிகமாகத் தெரிந்து, மெதுவாகத் தேய்த்தேன்.

அப்போது வாசலில் சைக்கிள் மணி அடித்தது. அந்தக் காலத்தில் மனுவோடு வந்து நிற்கிற கீழத்தெருப் பையன், இப்போது அவனுக்கே பேரன் எடுக்கிற வயது, பழக்கதோஷத்தில் அண்ணி, அண்ணி என்று கூப்பிட்டுக்கொண்டே கொல்லைப்பக்கம் நடந்து வந்தான். அக்காவின் தோள் தூக்கிப் போட்டது. இன்னமும் தூக்கிப் போட்டது. எழுந்திருக்கக் கையை ஊன்றினாள். பெரியவர் அந்தக் கையின் மேல் தன் கையை வைத்து அழுத்தினார். மாட்டுக்கொட்டகைக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி, மேடையில் பேசுகிற அதே குரலில் சொன்னார்.

“அவ விலக்கு. கிட்ட வராத. என்ன வேணும், என்கிட்ட கேளு.”

வந்தவன் அப்படியே நின்றான். சிரிக்கவில்லை. சரிங்கண்ணே, வாசல்ல இருக்கேன், நீங்க வாங்க என்று சொல்லித் திரும்பிப் போனான். பெரியவர் கம்பை ஊன்றி எழுந்து, பதில் சொல்ல வாசலுக்குப் போனார்.

அக்காவுக்கு அப்போது வயது ஐம்பத்தெட்டு.